தாளின் வெள்ளை

புனிதா அக்கா கடை மேசைமேல் வைத்த படத்தில் இருந்த பெண்ணுக்கு வயதே இல்லை. கம்ப்யூட்டரில் முகத்தை அவ்வளவு வழித்திருந்தார்கள். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் ஒரு கோடுகூட மிச்சமில்லை. கழுத்துக்குக் கீழே வேறு யாருடையதோ ஒரு பட்டுச்சேலை.

“எங்கம்மா,” என்றார். “போன வாரம் தவறிட்டாங்க. கருமாதிக்குப் படம் வேணும். இத அப்பாகிட்ட காட்டினேன். ‘இது யாரு?’ன்னு கேட்டுட்டு எழுந்து போய்ட்டாரு.”

நான் வேலை பார்ப்பது புந்தோங்கில் பத்துமலை அண்ணனின் பிரேம் கடையில். சாமி படம், கல்யாணப் படம், செத்தவர் படம் மூன்றுக்கும் சட்டம் போடுகிறோம். அதிகம் வருவது மூன்றாவதுதான். செத்தவர்களுக்கு ஸ்டூடியோவில் கோட்டு மாட்டிவிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். உயிரோடு இருந்தபோது சட்டைப் பொத்தானே போடாதவர்கள் எல்லாம் எங்கள் கடைச் சுவரில் டை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

பத்துமலை அண்ணன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “என்னாம்மா இது, சேலைக்கடைப் பொம்ம மாதிரி பண்ணி வச்சிருக்கானுங்க. வேற படம் இல்லையா?”

“ஐசி கார்டுல இருக்கற படம் ஒன்னு. என் கல்யாணத்துல எடுத்தது ஒன்னு. அவ்வளவுதான். அம்மா படத்துக்கே நிக்க மாட்டாங்க.”

“அப்போ இவன்கிட்ட குடு. ஷர்வின். சும்மா இருக்கற நேரமெல்லாம் கிறுக்கிக்கிட்டே இருக்கான். போன மாசம் என் மூஞ்சிய வரைஞ்சான். என் பொண்டாட்டி பாத்துட்டு, ‘இவ்ளோ கவலையாவா இருக்கீங்க?’ன்னு கேட்டா. அன்னிக்கு ஒரு நாள் வீட்டுல சண்டையே இல்ல லா.”

புனிதா அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஓவியன் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். கமுந்திங்கில் கையுறை கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், இரவு வேலைக்குப் போய் அதையும் விட்டவன். வரைவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கைப்பேசியில் பார்த்ததும், தாளைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றதும்தான். இதுவரை அடுத்தவருக்காக ஒரு முகமும் வரைந்ததில்லை.

“வரையிறேன்கா,” என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியாது. அந்த வழித்த முகம் எரிச்சலாக இருந்தது. அது ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர்கள் வீடு சுங்கை சிப்புட் பக்கம். பால்மரத் தோட்டமாக இருந்த இடம். மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையில் பாதியை வெட்டித் தாமான் என்று வரிசை வீட்டுக் குடியிருப்பு கட்டினார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்தவர்களுக்கு ஓரத்தில் சில வரிசை வீடுகள். புனிதா அக்காவின் வீடு கடைசி வரிசை. பின்பக்கம் சாக்கடை, அதற்கு அப்பால் செம்பனை, அதற்கும் அப்பால் சுண்ணாம்புக் குன்று.

வாசலில் அவருடைய அப்பா சதாசிவம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மோட்டார் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தில் லாரி ஓட்டியவர். நிமிர்ந்து பார்த்தார், மறுபடியும் குனிந்துகொண்டார்.

உள்ளே இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தேன். நான் எதையும் பென்சிலில்தான் தொடங்குவேன். பென்சிலில் தப்பு பண்ணலாம். முதல் கோடு தப்பென்றால் அதை அழிக்க மாட்டேன். பக்கத்தில் இன்னொன்று போடுவேன், அதன் பக்கத்தில் இன்னொன்று. கடைசியில் எது சரியென்று அந்தக் கோடுகளே சொல்லும். ரப்பர் எடுத்து அழித்தால் எங்கே தப்பினேன் என்பதும் சேர்ந்து போய்விடும்.

அக்காவின் அம்மா வீரம்மாவின் முகம் அகலமானது. கன்ன எலும்பு மேலே ஏறியிருந்தது. ஐசி அடையாள அட்டைப் படத்தில் உதட்டை இறுக்கி வைத்திருந்தார். கல்யாணப் படத்தில் சிரித்தார். எலும்பு கிடைத்துவிட்டது, கண் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு படத்திலும் தோல் ஒரே மாதிரி இருந்தது, சுவருக்குப் பூசிய சாயம் போல. நெற்றியில் என்ன நிறமோ அதே நிறம்தான் கன்னத்திலும் தாடையிலும்.

“மேக்கப் ரொம்பவா அக்கா?”

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “அம்மா மூஞ்சில திட்டுத் திட்டா வெள்ளை விழுந்திருந்துச்சு தம்பி. நான் பொறந்த பிறகு வந்தது. அத வரைய வேணாம்.”

நான் தலையாட்டினேன். அவருக்கு அது போதவில்லை.

“லயத்துல அம்மாவப் பேர் சொல்லிக் கூப்பிட்டவங்க கம்மி. ‘பால் தெறிச்சவ’ம்பாங்க. பால் வெட்டறப்ப மூஞ்சில தெறிச்ச மாதிரி இருக்காம். ஒட்டிக்கும்னு எங்க வீட்டுல தண்ணி குடிக்க மாட்டாங்க. ஸ்கூல்ல எனக்குப் பரிசு குடுத்தப்ப அம்மா கேட்டுக்கு வெளியவே நின்னாங்க. என் கல்யாணத்துக்குத்தான் ஒரு பொண்ண வரவச்சு மேக்கப் போட்டேன். அம்மா கண்ணாடிய விட்டு நகரவே இல்ல. வாழ்க்கையில சிரிச்சு எடுத்த ஒரே படம் அது.” பென்சில் கோட்டின்மேல் விரல் வைக்கப் போய், நிறுத்திக்கொண்டார். “அன்னிக்கு எங்க வீட்டுல தண்ணி குடிக்காதவங்க எல்லாம் கருமாதிக்கு வருவாங்க. அவங்க முன்னால எங்கம்மாவ மறுபடியும் நிறுத்த மாட்டேன்.”

சரி என்றேன்.

மறுநாள் காலை கடையைத் திறந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது. சதாசிவம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

“தம்பி, நீயும் அத அழிக்கப் போறியா?”

“அக்கா வேணாம்னு சொன்னாங்க, அங்கள்.”

“அவளுக்கு அம்மா. எனக்குப் பொண்டாட்டி. நீ எழுதிக்க. நான் சொல்றேன்.”

ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தன் வலது கன்னத்தைத் தொட்டார். “இங்க ஒன்னு, கண்ணுக்குக் கீழ. புளியங்கொட்டை அளவு. ஓரம் நேரா இருக்காது.”

“அவங்களுக்கும் வலது பக்கமா, அங்கள்?”

அவருக்குக் குழம்பிவிட்டது. விரலை வலது கன்னத்திலும் இடது கன்னத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு கையைத் தன் முகத்திலிருந்து எடுத்து எதிரே நீட்டினார். அங்கே ஒரு முகம் இருப்பதுபோல, காற்றில், தன் உயரத்துக்குச் சற்றுக் கீழே விரலை வைத்தார். “இங்க.” இப்போது தடுமாற்றமே இல்லை. “இங்க ஒன்னு. வாய் ஓரத்துல ஒன்னு, அது ரெண்டா பிரியும். தாடைல கீழ இறங்கி இப்படி. நெத்தில ஒன்னும் இல்ல.”

பத்துமலை அண்ணன் மரச்சட்டம் அறுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் இருந்த அந்த முகத்துக்கு எது இடம், எது வலம் என்று பார்த்துப் பார்த்து என் ஓவியத்தில் குறித்தேன்.

“எங்கயாச்சும் கிளம்பறதுன்னா பவுடர் அப்பிக்கிட்டு என்கிட்ட வந்து மூஞ்சிய நீட்டுவா,” என்றார். “நான்தான் கட்டைவிரலால ஓரத்தத் தேய்ச்சு சரி பண்ணிவிடுவேன். கண்ணாடி பாத்துப் பண்றது சுசா, கஷ்டம், நீங்களே பாருங்கம்பா. சாயங்காலம் வந்து கழுவிக்குவா. அப்பறம் இருக்கற மூஞ்சிதான் எனக்குத் தெரிஞ்சது. பவுடரோட இருந்தவ ஊர்க்காரங்களுக்கு.”

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்துமலை அண்ணன் மறுபடியும் அறுக்கத் தொடங்கினார். “மாட்டிக்கிட்டடா,” என்றார்.

சதாசிவம் சொன்ன திட்டுகளோடு நீர்வண்ணத்தில் வரைந்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது. நீர்வண்ணத்தில் வெள்ளை என்று தனியாக ஒரு நிறம் கிடையாது. வெள்ளை என்பது தாள்தான். எங்கே வெள்ளை வேண்டுமோ அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும். முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். தொட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது. தண்ணீர் நமக்காகக் காத்திருக்காது, நாம் நினைத்த இடத்தில் நிற்காது. தயங்கினால் தயங்கிய இடத்தில் கறை விழும். பென்சிலைப் போல மன்னிக்காது.

எனக்கு வெள்ளையைப் பார்க்கத் தெரியும். நான் வாழ்க்கையில் ஒழுங்காகக் கற்றது அது ஒன்றுதான். கிலாங்கில் என் வேலை கையுறைகளில் ஓட்டை தேடுவது. வெள்ளை விளக்கு, வெள்ளை மேசை, வெள்ளைக் கையுறை. காற்று ஊதிய கைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். சில மாதத்தில் வெள்ளைக்குள் மஞ்சளும் நீலமும் சாம்பலும் தெரியத் தொடங்கின. அப்புறம் பகலிலும் அவை போகவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்தவன் திரும்பிப் போகவில்லை. யாரோடும் சண்டை இல்லை. அவ்வளவுதான்.

அதனால் வீரம்மாவின் கன்னத்தில் விட்ட வெள்ளை எனக்கு வெறும் தாளாகத் தெரியவில்லை. ஓரத்தில் பழுப்பு மெல்லக் கசிந்து நின்றது. கண்ணுக்குக் கீழே உள்ள திட்டு, அவர் சொன்ன மாதிரியே, நேராக இல்லாமல் நின்றது. வாய் ஓரத்தில் இருந்தது இரண்டாகப் பிரிந்தது. படம் காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். நான் வரைந்ததிலேயே நல்லது அது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

புனிதா அக்கா வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கண் கலங்கியது, பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

“அப்பா வந்தாரா?”

“வந்தாருக்கா.”

“நல்லா இருக்கு தம்பி. ரொம்ப நல்லா இருக்கு.” குரலில் பாராட்டு இல்லை. “உங்களுக்கு நல்ல படம் கிடைச்சிருச்சு. எங்கம்மாவுக்கு என்னா கிடைச்சுது? அவங்க முப்பது வருஷமா மூடி வச்சத திறக்கறதுக்கு நீங்க யாரு? அப்பாதான் யாரு?”

பத்துமலை அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “அண்ணே, நீங்க பேசாதீங்க,” என்றார் அக்கா. அவர் சட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவரு ஆம்பள. வீட்டுல பாத்தாரு. கடைக்குப் போறப்ப, கோயிலுக்குப் போறப்ப எல்லாரும் அம்மாவ எப்படிப் பாத்தாங்கன்னு பக்கத்துல கையப் புடிச்சிட்டு நடந்த எனக்குத்தான் தெரியும். இந்தப் படம் மாட்டினா நான் கருமாதிக்கு முன்னால வந்து நிக்க மாட்டேன். அத மட்டும் அப்பாகிட்ட சொல்லிருங்க.”

அவர் போன பிறகும் படம் அப்படியே நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தொந்தரவு. அக்கா சொன்னதில் தப்பு இருந்தால் அதைக் கண்டுபிடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். சதாசிவம் சொன்னதிலும் தப்பு இல்லை. சொல்லவேண்டியவர் செத்துவிட்டார். மகள் அவர் பெயரில் பேசுகிறார், புருஷனும் அவர் பெயரில் பேசுகிறார். நடுவில் நான் ஒரு தாளை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

புதிதாக ஒன்று வரையலாம் என்று தாளை எடுத்தேன். கை வரவில்லை. அந்த முகத்தை இரண்டாவது தடவை அப்படி வரைய முடியாது என்று தெரிந்தது. கடைசியில் பாஸ்டல் பெட்டியைத் திறந்தேன்.

பாஸ்டல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அது நிறத்தைக் குச்சியாகப் பிடித்துத் தாளில் தேய்ப்பது, பிறகு விரலால் இழைப்பது. விரல் அழுக்காகும், சட்டை அழுக்காகும். எதன்மேலும் போடலாம், எதையும் மூடலாம். அந்த வசதியே எனக்குச் சந்தேகம். நீர்வண்ணம் தாளுக்குள் இறங்கிவிடும். பாஸ்டல் கடைசிவரை மேலேயே உட்கார்ந்திருக்கும். பொடிதான் அது. அதற்கென்று இருக்கும் திரவத்தைத் தெளித்தால் ஓரளவு ஒட்டும். தெளிக்காவிட்டால் கண்ணாடி போட்டு, கண்ணாடியும் தாளும் உரசாமல் நடுவில் அட்டை வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

நீர்வண்ணத்தின் மேலேயே பாஸ்டலைப் போட்டேன். பழுப்பு, அதன்மேல் கொஞ்சம் காவி, கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு. வெள்ளைத் திட்டுகளின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து இழைத்தபோதுதான் இதே வேலையை இன்னொருவர் எத்தனை வருஷம் செய்திருப்பார் என்று தோன்றியது. கையை எடுத்துவிட்டேன். பிறகு மறுபடியும் வைத்து முடித்தேன்.

திரவம் தெளிக்கவில்லை. தெளித்தால் நிறம் ஒரு படி கறுக்கும், அடியில் இருக்கும் வெள்ளையும் கெடும். கண்ணாடி போதும் என்று இருந்துவிட்டேன்.

அக்காவிடம் காட்டினேன். “இது சரி,” என்றார். சத்தமில்லாமல் அழுதார். “தொட்டுடாதீங்க, பொடி உதிரும்,” என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

கருமாதி அன்று படத்தை நானும் பத்துமலை அண்ணனும் கொண்டுபோனோம். வீட்டு முன்னால் கூடாரம். நாற்காலிகள் நிறைந்திருந்தன. தோட்டத்து ஆட்கள், சிலர் தாப்பா ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். கூடத்தில் படத்தைச் சுவரோடு சாய்த்து வைத்தோம். முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்த கருவாட்டுச் சம்பலிலிருந்து கோப்பிவரை வைத்திருந்தார்கள்.

வயதான ஒரு பெண் படத்தைக் குனிந்து பார்த்தார். “வீரம்மாவா இது? அழகா இருக்கா,” என்றார். பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார். புனிதா அக்கா அதைக் கேட்டார். அவர் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன்.

சதாசிவம் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

சடங்கு நடத்திய பண்டாரம் சந்தனக் கிண்ணத்தை அவரிடம் நீட்டினார். “சுமங்கலியாப் போனவங்க. புருஷன் கையால பொட்டு வைங்க.”

அவர் படத்தின் முன்னால் மண்டியிட்டார். விரலைச் சந்தனத்தில் தொட்டு, கண்ணாடிவரை கொண்டுபோய் நிறுத்தினார்.

“இதக் கழட்டு,” என்றார் என்னிடம்.

“கண்ணாடி மேலதான்பா வைப்பாங்க,” என்றார் புனிதா அக்கா.

“கண்ணாடிக்குப் பொட்டு வைக்கவா நான் தாலி கட்டுனேன்?”

பண்டாரம் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், சீக்கிரம் செய் என்பதுபோல. நான் சட்டத்தைத் திருப்பி, பின்பக்க ஆணிகளை நிமிர்த்தி, கண்ணாடியையும் அட்டையையும் எடுத்தேன். படத்தை நிறுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அவர் படத்தின் நெற்றியில் சந்தனம் வைத்தார். அதன்மேல் குங்குமம் வைத்தார். கையை எடுக்கும்போது கட்டைவிரல் கண்ணுக்குக் கீழே லேசாகப் பட்டது. வேண்டுமென்று செய்தாரா, பழக்கமா, தெரியாது. விரலைப் பார்த்தார். பழுப்பு அப்பியிருந்தது. இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“என்னா இது?”

“பாஸ்டல், அங்கள். பொடி.”

“பவுடரா?”

“அப்படித்தான்.”

“அடியில?”

அக்கா எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். பொய் சொல்லியிருக்கலாம். “நீங்க சொன்னது அப்படியே இருக்கு,” என்றேன்.

அக்கா மூச்சை இழுத்தது கேட்டது. சதாசிவம் திரும்பிக் கூடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். கட்டைவிரலை மறுபடியும் கன்னத்தில் வைத்தார். அழிப்பார் என்று நினைத்தேன். விரல் பட்டுக் கலைந்த இடத்தில் ஓரத்துப் பொடியை மெல்ல உள்ளே இழுத்து, இழைத்து, சரி பண்ணினார்.

“மூடு,” என்றார். “ஆளுங்க இருக்காங்க.”

கண்ணாடியை மாட்டினேன். பண்டாரம் மந்திரத்தைத் தொடர்ந்தார். கற்பூரம் காட்டினார்கள், எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். அப்புறம் பந்தி நடந்தது.

சாப்பாட்டின்போது அக்கா என்னைச் சமையலறைக் கதவருகே நிறுத்தினார். “ஏமாத்திட்டீங்க.”

“மறைச்சேன்கா. அழிக்கல.”

“அத நீங்க சொல்லவும் இல்ல.”

“இல்ல,” என்றேன். அது உண்மை. அவர் சட்டியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போய்விட்டார். யாருக்கோ சோறு போட்டார். வந்தவர்கள் எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். அக்கா ஒவ்வொரு கிளாஸையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஆட்கள் கலைந்தார்கள். பத்துமலை அண்ணன் வேனில் ஹாரன் அடித்தார். நான் செருப்பு மாட்டும்போது சதாசிவம் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

படத்தைக் கட்டில்மேல் வைத்திருந்தார். கண்ணாடியை அவரே கழற்றியிருந்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

“தண்ணி வைக்கலாமா?”

“கூடாது அங்கள். தண்ணி பட்டா அடியில இருக்கறதும் போயிரும். காஞ்ச துணியால தொடைங்க. ஆனா முழுக்கப் போகாது. தாள்ல கொஞ்சம் நிக்கும்.”

“அவளுக்கும் முழுக்கப் போனதில்ல,” என்றார். “எவ்ளோ கழுவினாலும் காதோரம் நிக்கும்.”

கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். துண்டின் முனையால் கண்ணுக்குக் கீழே துடைத்தார். அழுத்தவில்லை. பழுப்பு துண்டில் இறங்கியது. தாளில் முதலில் சாம்பல் தெரிந்தது, பிறகு வெள்ளை. நான் விட்ட வெள்ளை மாதிரி சுத்தமாக இல்லை. அழுக்கேறியிருந்தது. பார்க்க இன்னும் தோல் மாதிரி இருந்தது. அதை நான் வரைந்திருக்க முடியாது.

கதவில் நிழல் விழுந்தது. புனிதா அக்கா. கையில் எச்சில் இலைகள். அப்பாவின் கை போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே பத்துமலை அண்ணன் மறுபடியும் ஹாரன் அடித்தார்.

சதாசிவம் தாடைக்குத் துண்டைக் கொண்டுபோனார். கீழே இறங்கும் அந்தத் திட்டு மெல்ல வெளியே வந்தது. துண்டை மடித்து நிமிர்ந்தார், முடிந்தது என்பதுபோல.

“வாய்கிட்டயும் இருக்குப்பா,” என்றார் அக்கா.

அவர் திரும்பிப் பார்த்தார். துண்டை உதறினார். கட்டில்மேலும் தரையிலும் பழுப்புப் பொடி விழுந்தது. சுத்தமான முனையைத் தேடி எடுத்து மகளிடம் நீட்டினார். அக்கா இலைகளைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சேலையில் ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு வந்தார்.